மூவரிடை நின்ற தூதர்: ஹரி ஹொப்கின்ஸ்

திருவள்ளுவர் பொருட்பாலிலே தூது என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அதனைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையையோ, பாண்டவர் பொருட்டு அத்தினாபுரஞ் சென்ற கண்ணனையோ உதாரணமாக எடுத்துக் காட்டுவது வழக்கம். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறும் பொருள் சற்றுக் கடுமையானது. தன் உயிருக்கே முடிவு வருமாயினும் பின்வாங்காது, தன்னை அனுப்பியவனுக்கு நன்மை தேடித் தருபவனே தூதன் என்பது அதன் கருத்து.

இக்கருத்துக்கு இலக்கியமாய் வாழ்ந்தவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டிலே இருந்தார். அவர் அரசரல்லர், படை நடத்திய தளபதியுமல்லர், வகித்த மந்திரிப் பதவியையும் நோய் காரணமாக விட்டு விலகியவர். இரைப்பையின் பெரும் பகுதியைச் சத்திர சிகிச்சையில் இழந்து, உண்ட உணவு உடம்பிற் சேராது, எலும்புந் தோலுமாக உலாவியவர். ஆயினும் இரண்டாம் உலக யுத்த காலத்தில், ரூஸ்வெல்ட், சேர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூவரும் ஒருங்கே செவிசாய்த்த மனிதர் அவரைப்போற் பிறிதொருவர் இலர் எனலாம். அவர் பெயர் ஹரி ஹொப்கின்ஸ். அவருடைய வாழ்க்கையைப் படிப்பவர், அந்த யுத்தத்தை வென்ற கூட்டுறவு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், வென்ற மறுகணமே அது ஏன் குலைந்தது என்பதையும் ஒருங்கே அறிந்துகொள்ளலாம்.

சேணக்காரர் வீட்டுப் பிள்ளை

ஹொப்கின்ஸ் 1890ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17ஆந் திகதி, அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள அயோவா மாநிலத்தில், சூ சிற்றி என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் விற்றுச் சீவித்தவர். தாயார் மெதடிஸ்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தந்தையின் கலகலப்பும் தாயின் தொண்டுள்ளமும் மகனிடத்தே ஒருங்கு படிந்தன. கிரினல் என்னுஞ் சிற்றூரின் கல்லூரியிற் பயின்று 1912இற் பட்டம் பெற்ற இளைஞர், பொருளீட்டும் வழிகளை நாடாது, நியூயோர்க் நகரின் ஏழைகள் நெருங்கி வாழும் கிழக்குப் பகுதியில் ஒரு தொண்டு நிலையத்திற் போய்ச் சேர்ந்தார். காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளிற் குடியேறிகளின் குடும்பங்கள் அடைந்து கிடந்ததை அங்கே கண்டார். அக்காட்சி அவர் வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது. அடுத்த இருபதாண்டுகளும் ஏழைகளின் நல்வாழ்வு, செஞ்சிலுவைச் சங்கப் பணி, கசநோய்த் தடுப்பு என்றவாறே கழிந்தன.

1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. வேலையின்றித் தெருவில் நின்றோர் தொகை நாளுக்குநாட் பெருகிற்று. அப்போது நியூயோர்க் மாநில ஆளுநராயிருந்தவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். அவர் 1931இல் அமைத்த நிவாரண நிறுவனத்தை நடத்த ஹொப்கின்ஸ் அழைக்கப்பட்டார். 1933இல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானதும், ஹொப்கின்ஸ் வாஷிங்டனுக்கு வந்து நாடு முழுவதற்குமான நிவாரணப் பொறுப்பை ஏற்றார். காரியாலயம் ஒழுங்குபடுமுன்னரே, நடைகூடத்தில் மேசையொன்றைப் போட்டு அமர்ந்து, இரண்டு மணி நேரத்துள் ஐம்பது இலட்சம் டொலருக்கு மேற் பகிர்ந்தளித்தார் என்பது அந்நாளிற் பலரும் வியந்து பேசிய செய்தி. 1935இல் அவர் தொடக்கி வைத்த பொதுவேலைத் திட்டம், 1943இல் முடிவுறும்வரை ஏறக்குறைய 85 இலட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. பணத்தை வாரியிறைப்பவர் என எதிரிகள் இகழ்ந்தனர். ஆனால் அவர் கைகளில் அத்துணைப் பெருந்தொகை புழங்கியபோதும், தமக்கென ஒன்றும் சேர்த்துக்கொள்ளாத ஏழையாகவே இருந்தார்.

வெள்ளை மாளிகையில் ஓர் அறை

1937ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடியாய் அமைந்தது. ஒக்டோபரில் மனைவி பார்பரா புற்றுநோயால் இறந்தார். டிசம்பரில் அவருக்கே புற்றுநோய் எனக் கண்டு, வைத்தியர்கள் இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுத்தனர். அதன் பின்னர் அவர் வாழ்ந்த எட்டு ஆண்டுகளும் வைத்தியர்களிடம் கடனாகப் பெற்ற ஆண்டுகளே. வர்த்தக மந்திரியாக நியமனம் பெற்றும், பெரும்பாலான காலத்தைப் படுக்கையிலேயே கழிக்க நேர்ந்தது.

1940 மே 10ஆந் திகதி உலகம் மறக்க முடியாத நாள். அன்று காலையில் ஜேர்மன் படைகள் ஒல்லாந்தினுள்ளும் பெல்ஜியத்தினுள்ளும் புகுந்தன. அன்று மாலையில் வின்ஸ்டன் சேர்ச்சில் பிரித்தானியாவின் பிரதமரானார். அதே நாளில் வெள்ளை மாளிகையில் இரவு விருந்துக்கு வந்திருந்த ஹொப்கின்ஸுக்கு உடல்நலம் குன்றவே, இரவு அங்கேயே தங்கும்படி ரூஸ்வெல்ட் வற்புறுத்தினார். ஒரு நாட் தங்கலாக வந்தவர் மூன்றரை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட அறையே அவருக்கு ஒதுக்கப்பட்டது.

இருவரின் நட்பையும் இவ்விடத்திற் சிந்தித்தல் வேண்டும். ரூஸ்வெல்ட் 1921இல் இளம்பிள்ளைவாதத்தாற் கால்களின் வலுவை இழந்தவர். எழுந்து நடக்க மாட்டாதவர். யுத்தத்தின் போக்கை நேரிற் சென்று அறியும் ஆவலுடையவர். ஆயினும் நினைத்தவாறு புறப்பட முடியாதவர். அவருக்கு வேண்டியிருந்தவர், பட்டமும் பதவியும் விரும்பாத, தம் மனத்தை அறிந்த, கண்டதை மறைக்காமற் சொல்லும் ஒருவர். நடக்க மாட்டாத தலைவர், உண்ண மாட்டாத நண்பரைத் தம் கண்ணாகவும் காதாகவும் ஆக்கிக்கொண்டார்.

லண்டனிற் கழித்த ஆறு வாரங்கள்

பிரான்சு வீழ்ந்த பின்னர் பிரித்தானியா தனித்து நின்றது. லண்டன் மீது குண்டுமாரி பொழிந்தது. அமெரிக்காவில் ஆயுதம் வாங்குவோர் கைப்பணம் கொடுத்தே வாங்கவேண்டுமெனச் சட்டம் இருந்தது. பிரித்தானியாவின் கையிலிருந்த டொலரோ தீர்ந்துபோயிற்று. அந்நாட்டுக்கு உதவுவது வீண் என்று கருதியோர் வாஷிங்டனிற் பலர் இருந்தனர். சேர்ச்சில் எத்தகையவர், அவர் மக்கள் இறுதிவரை நிற்பார்களா என்பதை அறிந்துவர ஹொப்கின்ஸ் அனுப்பப்பட்டார்.

1941 ஜனவரி 9ஆந் திகதி, அவர் வந்த நீர்விமானம் இங்கிலாந்தின் தென்கரையில் இறங்கியபோது, ஆசனத்திற் கட்டியிருந்த பட்டியை அவிழ்க்கவும் வலிமையின்றிச் சோர்ந்து கிடந்தார். மறுநாள் சேர்ச்சிலைச் சந்தித்தார். குளிர் மிகுந்த நாட்டுப்புற மாளிகையில், வீட்டினுள்ளேயே மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மெலிந்த விருந்தினரைப் பிரதமர் விரைவில் நேசிக்கத் தொடங்கினார். வீண்பேச்சை ஒதுக்கிக் காரியத்தின் ஆணிவேரையே தேடிச் செல்பவர் என்பதால், அப்பொருள்பட அவருக்கு ஒரு பிரபுப் பட்டமே அளிக்கலாமெனச் சேர்ச்சில் பரிகாசமாய்ப் பேசியதுண்டு.

இரண்டு வாரத்துக்கென வந்தவர் ஏறக்குறைய ஆறு வாரங்கள் தங்கினார். துறைமுகங்களையும் இடிந்த வீடுகளையும் பார்த்தார். கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு சிறு விருந்திற் பேச எழுந்தபோது, விவிலியத்தில் வரும் ரூத் என்னும் பெண் தன் மாமிக்கு அளித்த உறுதிமொழியை நினைவூட்டி, தம் நாடும் இறுதிவரை கூட வருமென்னுங் குறிப்பை வெளியிட்டார். சேர்ச்சிலின் கண்கள் கலங்கினவென அங்கிருந்தோர் எழுதியுள்ளனர். அவ்வாறு வாக்களிக்க ஹொப்கின்ஸுக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. எனினும் மார்ச் 11ஆந் திகதி கடன் குத்தகைச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டதும் அவ்வாக்கு மெய்யாயிற்று.

அச்சட்டத்தின் நுட்பம் எளியது. நேச நாடுகளுக்குப் பணத்தைக் கடன் கொடாது, பொருளையே கடனாகக் கொடுப்பது. யுத்தம் முடிந்தபின் கணக்குப் பார்ப்பது. அதன் வழியாக யுத்த முடிவுவரை ஏறக்குறைய 5,000 கோடி டொலர் பெறுமதியான பொருள்கள் நேச நாடுகளுக்குச் சென்றன. தொடக்க மாதங்களில் அப்பெருங்காரியத்தைக் கொண்டு நடத்தியவர் ஹொப்கின்ஸே.

கிரெம்ளினில் இரண்டு சந்திப்புகள்

1941 ஜூன் 22ஆந் திகதி ஹிட்லரின் படைகள் ருஷ்யாவைத் தாக்கின. சில வாரங்களில் மொஸ்கோ வீழ்ந்துவிடும் என்பதே லண்டனிலும் வாஷிங்டனிலுமிருந்த படை வல்லுநர் பலரின் கணிப்பு. வீழப் போகும் நாட்டுக்கு ஆயுதம் அனுப்பினால் அது ஹிட்லரின் கைக்கே போய்விடுமல்லவா? இக்கேள்விக்கு விடை தேட ஜூலை மாத இறுதியில் ஹொப்கின்ஸ் ஸ்கொட்லாந்திலிருந்து புறப்பட்டார். குளிர் தாங்கும் வசதியற்ற நீர்விமானத்தின் வாற்பக்கத்தில், துப்பாக்கி வீரன் அமரும் இடத்தில், இருபது மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து வடகடலைச் சுற்றி ஆர்க்கேஞ்சல் போய்ச் சேர்ந்தார். தம் தொப்பியைத் தொலைத்துவிட்டமையால், சேர்ச்சில் கொடுத்த தொப்பியே அப்போது அவர் தலையில் இருந்தது. பொதுவுடைமைக் கொள்கையை வாழ்நாளெல்லாம் எதிர்த்த பிரதமரின் தொப்பியணிந்து, ஒரு முதலாளித்துவ நாட்டின் தூதர், பொதுவுடைமை நாட்டின் தலைநகருட் புகுந்தார்.

ஜூலை 30, 31ஆந் திகதிகளில் ஸ்டாலினை இருமுறை சந்தித்தார். ஸ்டாலின் கணக்கும் தெளிவுமாகப் பேசினார். விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் கேட்டார், துப்பாக்கிகளைக் கேட்டார், அவற்றுடன் அலுமினியமும் கேட்டார். அந்த ஒரு சொல்லிலேதான் ஹொப்கின்ஸின் கூரறிவு நின்றது. அலுமினியம் விமானங் கட்டுதற்கு உரியது. இன்று கேட்டு, நாளை உருக்கி, மறு ஆண்டில் விமானமாக்க நினைப்பவன், சில வாரங்களிற் சரணடையும் எண்ணமுடையவனல்லன். ருஷ்யா நிலைத்துப் போராடும் என ரூஸ்வெல்டுக்கு அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரிற் கடன் குத்தகைச் சட்டம் சோவியத் நாட்டுக்கும் விரிக்கப்பட்டது. யுத்தம் முடியுமுன் ஏறக்குறைய 1,100 கோடி டொலர் பெறுமதியான பொருள்கள் அங்கே சென்றன. சுமை வண்டிகளும் ஜீப் வண்டிகளும் மட்டும் நான்கு இலட்சம் எனலாம்.

திரும்பும்போது தம் மருந்துப் பெட்டியை மொஸ்கோவிலே மறந்து வந்துவிட்டார். எதிர்க்காற்றில் இருபத்துநான்கு மணி நேரப் பறப்பு. பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் இறங்கியபோது உயிர் தேறுவாரா என அஞ்சினர். ஆயினும் சேர்ச்சிலுடன் போர்க்கப்பலேறி, நியூபவுண்ட்லாந்துக் கரையில் ரூஸ்வெல்ட் காத்திருந்த இடத்துக்குச் சென்றார். அங்கே ஓகஸ்ட் மாதத்தில் அத்திலாந்திக் சாசனம் பிறந்தது.

மகாநாடுகளும் மறைந்திருந்த ஐயங்களும்

1941 டிசம்பர் 7ஆந் திகதி ஜப்பானியர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கிற்று. இனி மூவர் கூட்டு முழுமை பெற்றது. ஆனால் அக்கூட்டின் அடியிலே ஒரு விரிசல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஜேர்மன் படையின் பெரும் பகுதியை ருஷ்யர் தனித்துத் தாங்கினர். மேற்கே இரண்டாவது போர்முனையைத் திறக்குமாறு ஸ்டாலின் ஓயாது வற்புறுத்தினார். 1942இல் அது திறக்கப்படுமென மொலொட்டோவுக்கு ரூஸ்வெல்ட் நம்பிக்கையூட்டினார். அதன் பொருட்டு ஹொப்கின்ஸும் தளபதி மார்ஷலும் இருமுறை லண்டன் சென்றனர். ஆயத்தமின்றி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கச் சேர்ச்சில் இணங்கவில்லை. படைகள் வட ஆபிரிக்காவுக்குச் சென்றன. போர்முனை 1944 ஜூன் 6ஆந் திகதியே திறந்தது. இடையில் இரண்டு ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளில் ருஷ்ய மண்ணில் மாண்டோர் பல இலட்சம். தம்மை இரத்தம் சிந்தவிட்டு மற்றவர்கள் பார்த்திருக்கின்றனர் என்ற எண்ணம் ஸ்டாலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஹொப்கின்ஸ் கசபிளங்கா, கியூபெக், கெய்ரோ, தெஹ்ரான் என்று மகாநாட்டுக்கு மகாநாடு தலைவருடன் சென்றார். 1943 ஓகஸ்ட் மாதக் கியூபெக் மகாநாட்டை இலங்கையர் நாம் தனியே நினைவுகூரலாம். தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை நிறுவி, மவுண்ட்பேட்டன் பிரபுவை அதற்குத் தலைவராக்கும் முடிவு அம்மகாநாட்டுடன் சேர்ந்தது. மறு ஆண்டு ஏப்ரிலில் அத்தலைமையகம் பேராதனைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

1943 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை தெஹ்ரான் நகரில் மூவரும் முதன்முறையாக ஒருங்கு கூடினர். மறு ஆண்டு மே மாதத்திற் பிரான்சிற் படை இறக்குவதென அங்கே உறுதி செய்யப்பட்டது. சேர்ச்சில் இறுதிவரை தயங்கியபோது, இரவில் அவரிருப்பிடஞ் சென்று, இனி மறுத்துப் பயனில்லை என எடுத்துச் சொன்னவர் ஹொப்கின்ஸே. அங்கே போலந்தின் எல்லைகளை மேற்கே நகர்த்துவது பற்றியும் பேசினர். போலந்து நாட்டினர் ஒருவரேனும் அவ்வறையில் இருக்கவில்லை. இதனை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தெஹ்ரானிலிருந்து திரும்பிய சில வாரங்களில் அவர் மீண்டும் நோயில் வீழ்ந்தார். 1944 பெப்ரவரியில், மார்ஷல் தீவுகளில் நடந்த சமரில், அவருடைய கடைசி மகன் ஸ்டீவன் பதினெட்டு வயதில் மாண்டான். உலகத்தின் தலைவர்களுடன் பழகிய தந்தையின் மகன் சாதாரண வீரனாகவே படையிற் சேர்ந்திருந்தான். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலிருந்து சில வரிகளை அழகிய எழுத்தில் எழுதுவித்துச் சேர்ச்சில் ஆறுதலாக அனுப்பி வைத்தார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் சேர்ச்சில் தனியே மொஸ்கோ சென்றார். அவர் தம் சார்பாகவும் பேசலாமெனப் பொருள்படும் ஒரு தந்தியை அனுப்ப ரூஸ்வெல்ட் உடன்பட்டிருந்தார். செய்தியறிந்த ஹொப்கின்ஸ், தம் பொறுப்பில் அதை நிறுத்திவைத்துவிட்டுப் பின்னரே தலைவரிடஞ் சென்று காரணம் கூறினார். இந்த யுத்தத்தில் அமெரிக்காவுக்கு அக்கறையற்ற விடயம் எதுவுமில்லை என்னுங் கருத்துடைய வேறொரு செய்தி சென்றது. ஆயினும் அங்கே சேர்ச்சிலும் ஸ்டாலினும் போல்கன் நாடுகளில் தத்தம் செல்வாக்கை நூற்றுக்கு இத்தனை வீதமென ஒரு கடதாசித் துண்டிற் பங்கிட்டுக்கொண்டனர். யுத்தம் முடியுமுன்னரே, பின்வரும் பங்காளிச் சண்டையின் நிழல் விழுந்துவிட்டது.

யால்டாவும் ஒரு பிரிவும்

1945 பெப்ரவரி 4 முதல் 11 வரை, கருங்கடற் கரையில், ருஷ்யப் பேரரசரின் பழைய லிவேடியா அரண்மனையில் மூவரும் மீண்டுங் கூடினர். ரூஸ்வெல்டின் முகத்தில் மரணக் களை தோன்றியிருந்தது. ஹொப்கின்ஸோ படுக்கையிலேயே கிடந்தார். முக்கிய கூட்டங்களுக்கு மட்டும் எழுந்து வந்து, தலைவருக்குப் பின்னால் அமர்ந்து, துண்டுக் கடதாசிகளிற் குறிப்பெழுதி நீட்டினார். படையின் படப்பிடிப்பாளராக வந்திருந்த அவருடைய மகன் ரொபேட், மூன்று தலைவர்களும் ஒருங்கே அமர்ந்திருந்த காட்சியைப் படம் பிடித்தான்.

ஜேர்மனியைப் பிரித்து ஆளுதல், ஐக்கிய நாடுகள் சபையின் வாக்குரிமை, ஜப்பானுக்கெதிரான யுத்தத்தில் ருஷ்யா சேருதல் என்பன ஒருவாறு தீர்ந்தன. ஜேர்மனி செலுத்தவேண்டிய நட்டஈட்டுத் தொகை பற்றிச் சேர்ச்சில் மறுத்து நின்றபோது, ருஷ்யர் பல விடயங்களில் விட்டுக்கொடுத்திருப்பதால் இதில் அவர்கள் பக்கம் சாயலாமென ஹொப்கின்ஸ் குறிப்பெழுதினார். போலந்தில் தடையற்ற தேர்தல் நடக்குமென வாக்களிக்கப்பட்டது. ஆனால் அவ்வேளையில் போலந்து மண்ணின் பெரும் பகுதியில் நின்றது செஞ்சேனையே. வாக்குக்குப் பிணை யார்? இக்கேள்வியை எவரும் உரத்துக் கேட்கவில்லை. புதியதொரு காலம் பிறந்துவிட்டதென நம்பியோருள் ஹொப்கின்ஸும் ஒருவர்.

திரும்பும் வழியில், கடற்பயணத்தில் உடனிருந்து மகாநாட்டு அறிக்கையை எழுத உதவுமாறு ரூஸ்வெல்ட் விரும்பினார். நோயின் கடுமையாற் கப்பலில் இருக்க மாட்டாது, ஹொப்கின்ஸ் அல்ஜியர்ஸில் இறங்கி விமானத்திற் செல்லப் புறப்பட்டார். தலைவருக்கு அது மனத்தாங்கலாயிற்று. விடைபெறுதலில் பழைய கனிவு இருக்கவில்லை. இருவரும் அதன்பின் சந்திக்கவேயில்லை. ஏப்ரில் 12ஆந் திகதி ரூஸ்வெல்ட் காலமானார். அச்செய்தி எட்டியபோது ஹொப்கின்ஸ் மினசோட்டா மாநிலத்தில் வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்தார்.

இறுதித் தூது

புதிய ஜனாதிபதி ட்ரூமன், ஸ்டாலினை ஒருமுறையேனும் கண்டறியாதவர். ஏப்ரில் 23ஆந் திகதி மொலொட்டோவிடம் போலந்து பற்றி அவர் கடுமையாகப் பேசினார். ஜேர்மனி சரணடைந்த சில நாட்களிற் கடன் குத்தகைப் பொருள்கள் திடீரென நிறுத்தப்பட்டன. கடலிற் சென்ற கப்பல்களும் திருப்பியழைக்கப்பட்டன. கட்டளை பின்னர் தளர்த்தப்பட்டபோதும் மனப்புண் ஆறவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கக் கூடிய மகாநாடோ, வல்லரசுகளின் தடைவாக்குரிமை பற்றிய பிணக்கினால் முறியும் நிலையில் இருந்தது. வேறு வழி காணாத ட்ரூமன், படுக்கையிற் கிடந்தவரை அழைத்தார். மொஸ்கோ செல்ல இயலுமா எனக் கேட்கப்பட்டதும், நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.

1945 மே 26ஆந் திகதி தொடங்கி ஜூன் 6ஆந் திகதி வரை ஸ்டாலினை ஆறு முறை சந்தித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், நாடே அழியும் நிலையில் வந்த மனிதரை ஸ்டாலின் மறந்துவிடவில்லை. தடைவாக்கு விடயத்தில் அவர் இணங்கினார்: ஒரு பிணக்கைச் சபையில் விவாதிப்பதையே தடைசெய்ய எவருக்கும் உரிமையில்லை என்ற அமெரிக்கக் கருத்து ஏற்கப்பட்டது. ஜூன் 26ஆந் திகதி ஐம்பது நாடுகள் சாசனத்திற் கையொப்பமிட்டன. பொட்ஸ்டாம் மகாநாட்டுக்கு நாளும் குறிக்கப்பட்டது.

போலந்து விடயம் அவ்வாறு முடியவில்லை. போலந்தின் மறைமுக எதிர்ப்பியக்கத் தலைவர்கள் பதினாறு பேரைப் பேச்சுவார்த்தைக்கென அழைத்து ருஷ்யர் சிறையிலிட்டிருந்தனர். அவர்களை விடுவிக்குமாறு ஹொப்கின்ஸ் வேண்டினார். மக்களின் பேச்சுரிமை, கூட்டவுரிமை, நீதிமன்ற உரிமை ஆகியவற்றை அமெரிக்கர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை விளக்கினார். ஸ்டாலின் கேட்டார், ஆனால் இணங்கவில்லை. அம்மாதமே அவர்கள் மொஸ்கோவில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டுப் பெரும்பாலோர் தண்டனை பெற்றனர். வார்சோ ஆட்சியில் வெளியிலிருந்த சிலர் சேர்க்கப்பட்டதும், அமெரிக்காவும் பிரித்தானியாவும் அவ்வாட்சியை ஏற்றுக்கொண்டன. வாக்களித்த தேர்தல் 1947இல் நடந்தபோது அது தடையற்ற தேர்தலாக இருக்கவில்லை.

ஓய்ந்த குரல்

பொட்ஸ்டாமுக்கு உடன்வருமாறு ட்ரூமன் அழைத்தார். இனித் தம்மால் இயலாதெனக் கூறி, ஜூலை 2ஆந் திகதி ஹொப்கின்ஸ் அரசாங்க சேவையிலிருந்து விலகினார். அம்மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே சேர்ச்சிலும் தேர்தலிற் தோற்று நீங்கினார். யால்டாவில் அமர்ந்திருந்த மூவருள் எஞ்சியவர் ஸ்டாலின் மட்டுமே. அமெரிக்கரின் கையிலோ அணுகுண்டு வந்துவிட்டது. 1946 ஜனவரி 29ஆந் திகதி, நியூயோர்க் வைத்தியசாலையொன்றில், உடல் சத்தை ஏற்க மறுத்த நீண்ட நோயினால் ஹொப்கின்ஸ் தமது ஐம்பத்தைந்தாம் வயதில் இறந்தார்.

அவர் இறந்து பதினொரு நாட்களில், முதலாளித்துவத்தின் இயல்பே யுத்தத்துக்குக் காரணமென ஸ்டாலின் மொஸ்கோவில் உரையாற்றினார். அதே மாதம் 22ஆந் திகதி, சோவியத் விரிவைத் தடுத்து நிறுத்தும் கொள்கைக்கு வித்தான நீண்ட தந்தியை மொஸ்கோவிலிருந்து ஜோர்ஜ் கெனன் அனுப்பினார். மார்ச் 5ஆந் திகதி, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டதெனச் சேர்ச்சில் அமெரிக்காவின் புல்டன் நகரிற் பேசினார். ஐந்து வாரங்களுள் கெடுபிடி யுத்தத்தின் முதற் குரல்கள் யாவும் ஒலித்துவிட்டன. பின்னர் நாற்பதாண்டுகளுக்கு மேல், உலகம் இரு பாசறைகளாய்ப் பிரிந்து, அணுகுண்டின் நிழலில் வாழ நேர்ந்தது.

ஹொப்கின்ஸ் பற்றிய தீர்ப்பும் அவ்வாறே இரண்டுபட்டது. அவருடைய நண்பரான நாடகாசிரியர் ரொபேட் ஷேர்வுட் எழுதி 1948இல் வெளியான வரலாறு புலிற்சர் பரிசு பெற்றது. மறுபுறம், ருஷ்யருக்கு நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்றும், உளவாளி என்றுங்கூட அவரைத் தூற்றியோர் உண்டு. அக்குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் எவருமிலர். வரலாற்றாசிரியரிற் பெரும்பாலோர் அதனை ஏற்பதுமில்லை. அவர் செய்த பிழை வேறு. ஏழைகளிடையே பணி செய்தபோது, நேரிற் சென்று, கண்ணைப் பார்த்துப் பேசினால் எந்தக் கதவும் திறக்குமெனக் கற்றவர் அவர். லண்டனிலும் மொஸ்கோவிலும் முதன்முறை அது பலித்தது. ஏனெனில் அப்போது மூன்று நாடுகளுக்கும் பொதுவான பகைவன் ஒருவன் இருந்தான். பகைவன் வீழ்ந்ததும், நம்பிக்கை நின்ற தூண் விழுந்துவிட்டது. இறுதித் தூதில் வாக்குரிமைப் பிணக்கை அவர் தீர்த்தார். ஸ்டாலின் அதில் இழந்தது சிறிது. பதினாறு பேரை அவரால் மீட்க முடியவில்லை. அதில் ஸ்டாலின் இழக்க வேண்டியிருந்தது ஒரு நாட்டை.

எனினும் அவருடைய தூதுகள் வீணாயின எனல் தகாது. ருஷ்யா நிலைக்குமென ஒருவர் துணிந்து சொல்லாதிருந்தால், உதவி காலந்தாழ்த்துச் சென்றிருக்கும். மாண்டோர் தொகை இன்னும் பெருகியிருக்கும். அவர் உயிரைக் கொடுத்து மீட்ட சாசனத்தின் கீழ் உலக நாடுகள் இன்றும் ஒரு மண்டபத்திற் கூடுகின்றன. தூதரின் பண்பு யுத்தத்தை வெல்ல உதவும். சமாதானத்தைக் காக்க அது மட்டும் போதாது. வலியவர் மேசையில் எளிய நாட்டுக்கும் ஓர் ஆசனம் வேண்டும்; கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்க ஓர் ஒழுங்கும் வேண்டும். தெஹ்ரானிலும் யால்டாவிலும் போலந்துக்கு அந்த ஆசனம் இருக்கவில்லை. ஹொப்கின்ஸின் வாழ்க்கையைப் போற்றும்போது, அக்குறையையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும்.